பிச்சாவரத்தில் போய் 'ஆண்டு வருமானம் எவ்வளவு' என்று கேட்காதீர்கள்

கிராமத்து வறுமையை ஆராயக் கிளம்பும் கல்லூரிப் பிள்ளைகள் கொண்டுவரும் படிவங்களில் இந்தக் கேள்வி தவறாமல் இருக்கிறது. பக்கத்திலேயே விவசாயம், கூலி, கால்நடை, வியாபாரம் என்று கட்டங்கள். கடைசியில் 'இதர'. சிதம்பரம் பக்கத்துப் பிச்சாவரத்தில், உப்பங்கழியில் வளரும் சுரபுன்னைக் காட்டை நம்பிப் பிழைக்கும் இருளர் குடும்பத்தின் பாதிச் சோறு அந்த 'இதர'வுக்குள் போய்விடும். பெரும்பாலும் அங்கே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடுவார்கள்.

ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, வாய்க்காலில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவருக்கு ஏது ஆண்டுக் கணக்கு? ஏற்றவற்றம், அமாவாசை, பௌர்ணமி, ஐப்பசி மழை எல்லாம் பார்த்து வருகிற காசு அது. வந்த அன்றே வியாபாரி கொடுத்த பழைய முன்பணத்தில் கழிந்துவிடும். குழம்புக்கு எடுத்த நண்டுக்கும் அடுப்புக்குப் பொறுக்கிய சுள்ளிக்கும் யார் விலை போடுவது?

இதை உருப்படியாகக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். இந்தோனேசியாவின் போகோரில் உள்ள பன்னாட்டு வன ஆய்வு மையம் (சிஃபோர்) 2004-இல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கியது. 24 நாடுகள், கிட்டத்தட்ட 8,000 குடும்பங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் போய், மறப்பதற்குள் கேட்டார்கள். 2014-இல் வெளியான கணக்குப்படி, வருமானத்தில் 28 சதவீதம் இயற்கையிலிருந்து நேரடியாக எடுப்பது. அதில் முக்கால் பங்குக்கு மேல் காடு. ஒருமுறை போய் 'இதர' எவ்வளவு என்று கேட்டிருந்தால் இது சிக்கியிருக்குமா?

நம் பக்கத்தில் மரத்துக்குக் கணக்கு உண்டு. 1955-இலிருந்து இயங்கும் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தென்னிந்தியக் காடுகளுக்குப் போட்ட தாவர வரைபடங்கள் அருமையானவை. அந்த அக்கறையில் கால்வாசி, காட்டை நம்பும் வீட்டு அடுப்புகள் மேலும் இருந்தால் போதும்.

கணக்கு இல்லாத இடத்தில் பழிதான் வந்து விழும். பிச்சாவரம் காடு அழிந்ததற்கு, மாடு மேய்த்தவர்களும் விறகு எடுத்தவர்களும்தான் காரணம் என்று ரொம்ப நாள் சொன்னார்கள். எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் பார்த்தபோது வேறு கதை தெரிந்தது. 1970-கள் வரை அரசே பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டியதில் தரை தாழ்ந்து, தண்ணீர் தேங்கி, உப்பு ஏறி, கன்று முளைக்காமல் போயிருக்கிறது. வாய்க்கால் வெட்டித் தண்ணீரை ஓடவிட்ட பிறகுதான் காடு திரும்பியது. அதுவும் ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு.

2006 வன உரிமைச் சட்டம் நீர்நிலை மீன்பிடிப்பையும் உரிமை என்கிறது. ஆனால் கோடு போட்ட படிவத்தை வைத்துக்கொண்டு எந்த உரிமையைக் காட்டுவது?

அதற்காகக் காட்டைத் திறந்துவிட்டால் ஏழை பிழைத்துக்கொள்வான் என்று சொல்லும் தோழர்களோடும் எனக்கு ஒத்துவரவில்லை. சிஃபோரின் அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: இயற்கையை அதிகம் சார்ந்திருப்பவர்கள் ஏழைகள், ஆனால் அதிலிருந்து ரூபாயாக அதிகம் எடுப்பது வசதியானவர்கள்தான். குடும்பங்களை வருமானப்படி ஐந்து பிரிவாக்கினால், அடித்தட்டு இரண்டு பிரிவுகளைவிட மேல்தட்டுக்குச் சுமார் ஐந்து மடங்கு! படகும் வலையும் உள்ளவனும் வெறுங்கையால் தடவுகிறவளும் ஒரே வாய்க்காலில் இறங்கினால் வேறென்ன நடக்கும்?

ஆகவே முதலில் தேவை பெண்கள் குழுவின் பெயரில் ஒரு ஐஸ் பெட்டி, ஒரு தராசு, வியாபாரியின் பாக்கியை அடைக்க வட்டி குறைந்த கடன். எந்தத் துறையில் மனு கொடுத்தால் நடக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன்.