கொல்லத்தில் ஓர் இரவாவது தங்குங்கள்

அரையாண்டுத் தேர்வு விடுமுறை நெருங்கிவிட்டது. செங்கோட்டையிலும் தென்காசியிலும் வீட்டுக்கு வீடு அதே பேச்சு: "பிள்ளைகளுக்குக் கடல் காட்ட வேண்டும், காலையில் கொல்லத்துக்குப் போய்விட்டு ராத்திரிக்குள் திரும்பிவிடலாம்." இந்த அரை நாள் பயணம் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தப் பதிவு.

அரை நாளில் போகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறார்கள். நகரத்தை ஒட்டிய கொல்லம் கடற்கரை. பார்க்க அழகான கரை. கால் வைக்க ஆகாத கரை. மணல் சரிவாக இறங்கி, சில அடிகளிலேயே ஆழமாகிவிடும். அலை நேரே கரையில் வந்து உடைந்து, திரும்பும்போது குதிகாலுக்கு அடியில் இருக்கும் மணலையும் உருவிக்கொண்டு போகும்.

போன ஆண்டு எங்கள் தெருப் பையன் ஒருவன், ஆறாம் வகுப்பு, முழங்கால் தண்ணீரில்தான் நின்றான். அலை திரும்பியது, கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டான். எழுவதற்குள் அடுத்த அலை அவன் தலைக்கு மேல். என் வீட்டுக்காரர் எட்டிச் சட்டையைப் பிடித்த பிடியில் பொத்தான்கள் தெறித்துவிட்டன. காவல் நின்ற உயிர்காப்பாளர் அதற்கு முன்பே மூன்று முறை விசில் ஊதியிருந்தார். நாங்கள்தான் காதில் வாங்கவில்லை. அவர் கோபிக்கவில்லை. "முட்டளவுதானே என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள் சேச்சி, அடுத்த அடியில் ஆளே மூழ்கும்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பையனின் அம்மா அன்று ஊர் வந்து சேரும்வரை அவன் கையை விடவேயில்லை.

பிள்ளைகள் கால் நனைக்கத்தான் வேண்டுமென்றால் சில கிலோமீட்டர் தள்ளித் திருமுல்லைவாரம் இருக்கிறது. அங்கே கடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். நம் ஆடி அமாவாசையன்று, மலையாளிகளுக்குக் கர்க்கடக வாவு, முன்னோருக்குப் பலியிட ஆயிரக்கணக்கானவர்கள் கூடும் கரை அது. மழைக்காலத்தில் அங்கேயும் இறங்க வேண்டாம். மார்கழி, தை மாதங்கள் நல்லவை.

அடுத்த நாளை முழுதாகக் கொல்லத்தை ஒட்டிய தங்கசேரிக்கு ஒதுக்குங்கள். 1902-இல் எழுந்த கலங்கரை விளக்கம், 41 மீட்டர் உயரம், சிவப்பும் வெள்ளையும் சாய்வாகச் சுற்றிய பட்டைகள். எல்லோரும் அதன் முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே போர்ச்சுகீசியர் 1519-இல் கட்டிய கோட்டையின் மிச்சம் நிற்கிறது. 1661-இல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள், பிறகு ஆங்கிலேயர் கைக்குப் போனது. இன்று அதில் மிஞ்சியிருப்பது உடைந்த செம்பாறைச் சுவர்தான். உப்புக்காற்று அரித்த குழிகளில் விரலை விட்டால் செந்தூள் ஒட்டும். அந்தக் குழிகளில் ஒன்றில் சிப்ஸ் பாக்கெட்டைச் சுருட்டிச் செருகியிருந்தார்கள், தமிழ் எழுத்து அச்சிட்ட பாக்கெட். எனக்கு அன்று பட்ட வலி இன்னும் ஆறவில்லை.

வலிக்குக் காரணம் உண்டு. செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரிலும், 1949 முதல் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. எங்கள் தாத்தாவின் வயல் பத்திரத்தில் தேதி இப்படித்தான் தொடங்குகிறது: "கொல்லம் 1112-ஆம் ஆண்டு சித்திரை மாதம்". 825-ஐக் கூட்டினால் 1937. சிறுவயதில் அது ஏதோ கணக்கு எண் என்று நினைத்திருந்தேன். கி.பி. 825-இல் தொடங்கும் ஓர் ஆண்டுக்கணக்கு இந்த ஊரின் பெயரைத் தாங்கி நடந்து, என் தாத்தாவின் நெல் வயலுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. நம் வீட்டுப் பஞ்சாங்கத்தில் இன்றும் அந்த எண் அச்சாகிறது, எடுத்துப் பாருங்கள்.

849-இல் வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள், கொல்லத்தில் இருந்த தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவ தேவாலயத்துக்கு நிலமும் உரிமைகளும் கொடுத்துச் செப்பேடு எழுதினார். பட்டயம் வட்டெழுத்தில் இருக்கிறது. சாட்சிகளோ அரபு, பாரசீக, எபிரேய எழுத்துகளில் கையொப்பமிட்டிருக்கிறார்கள். ஒரு தேவாலயத்துக்கான பட்டயத்தில் முஸ்லிமும் யூதரும் பாரசீகரும் சாட்சி நின்ற துறைமுகம் அது! அந்த ஊருக்குப் போய், அலைக்கு முன்னால் நான்கு படம் எடுத்துக்கொண்டு சாயங்கால ரயிலைப் பிடிக்க ஓடிவருவது சரிதானா?

போகும் வழியையும் சும்மா விடாதீர்கள். 1904-இல் போட்ட ரயில் பாதை, 2018-இல் அகலப்பாதையாகி முழுதாகத் திறந்தது. ஆரியங்காவுக் குகையைத் தாண்டிக் கழுதுருட்டி வரும்போது பிள்ளைகளை ஜன்னலோரம் உட்காரவைத்துப் பதிமூன்று கண் பாலத்தைக் காட்டுங்கள். போனை உள்ளே வைக்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். மரச்சீனிக்கிழங்கும் மத்தி மீன் குழம்பும் நம் நாக்குக்குப் பழகியவை. நாம் கொல்லாங்கொட்டை என்று சொல்லும் முந்திரிதான் அந்த ஊரின் பெரிய தொழில். திரும்பும்போது அரைக்கிலோ வாங்கிவாருங்கள். அஷ்டமுடிக் காயலில் படகு ஏற நேரம் இருந்தால் ஏறுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை.

வரும் விடுமுறையில் அக்கா பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு இரண்டு இரவு தங்கப் போகிறேன். தாத்தாவின் பத்திர நகலும் பையில் இருக்கும். கோட்டைச் சுவருக்கு அருகில் உட்கார்ந்து முதல் வரியை அவர்களையே வாசிக்கச் சொல்லப்போகிறேன்.