வேலி ஃபோர்ஜில் குளிரா குற்றவாளி?

பென்சில்வேனியாவில் படிக்கும் அண்ணன் மகளுக்குப் பள்ளியில் ஒரு கட்டுரை கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்கப் புரட்சிக் காலம், வேலி ஃபோர்ஜ் பாசறையில் நீ ஒரு சிப்பாய். பொறுத்துக்கொண்டு இருப்பாயா, ஊர் திரும்புவாயா? அத்தையிடம் யோசனை கேட்டாள். "இருப்பேன்" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். சொன்னபோது என் தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. இரண்டு நாளாக அந்தப் பதில் உறுத்துகிறது.

1777 செப்டம்பரில் பிரிட்டிஷ் படை பிலடெல்பியாவைப் பிடித்துக்கொள்ள, பிரிட்டனை எதிர்த்த அமெரிக்கக் குடியேற்றங்களின் பொது மன்றமான காங்கிரஸ் யார்க் நகருக்கு இடம் மாறியது. டிசம்பர் 19 அன்று அமெரிக்கப் படைத் தளபதி வாஷிங்டன் ஏறக்குறைய 12,000 பேருடன் வேலி ஃபோர்ஜில் கூடாரம் அடித்தார். பிறகு மரம் வெட்டிக் குடில்கள் எழுப்பினார்கள்: 14 அடிக்கு 16 அடி, அதற்குள் பன்னிரண்டு பேர். சாப்பாடு, மாவில் தண்ணீர் விட்டுப் பிசைந்து தணலில் சுட்ட ரொட்டி. பல நாள் அதுவும் இல்லை. டிசம்பர் 23 அன்று காங்கிரஸ் தலைவருக்கு வாஷிங்டன் எழுதிய கடிதத்தில் ஒரு கணக்கு வருகிறது. காலில் செருப்பும் உடம்பில் துணியும் இல்லாததால் பணிக்கு லாயக்கற்றுக் கிடப்பவர்கள் 2,898 பேர். அதே கடிதத்தில், கணப்பருகே சொகுசாக உட்கார்ந்து ஆட்சேபம் எழுதுவது எளிது என்று பென்சில்வேனியா சட்டமன்றத்தாரையும் ஒரு பிடி பிடிக்கிறார். மின்விசிறிக்குக் கீழே இருந்தவளுக்கும் அது பொருந்தும்.

ஆனால் அந்த ஆண்டின் குளிர் அப்படியொன்றும் கொடியதல்ல. இரண்டு ஆண்டு கழித்து நியூ ஜெர்சியின் மாரிஸ்டவுன் பாசறையில் அடித்த குளிர்தான் பயங்கரமானது. வேலி ஃபோர்ஜில் இறந்த சுமார் 2,000 பேரைக் கொண்டுபோனது டைபஸ், வயிற்றுக்கடுப்பு போன்ற நோய்கள். அவர்களில் பெரும்பாலோர் இறந்தது பனி குறைந்த மார்ச் முதல் மே வரையில். படைக்குத் தளவாடம் சேர்க்கவேண்டிய மிஃப்லின் நவம்பரிலேயே விலகிவிட்டார்; மார்ச் வரை அந்த நாற்காலிக்குச் சரியான ஆள் இல்லை. சுற்றுவட்டார விவசாயிகளில் பலர் தானியத்தைப் பிலடெல்பியாவுக்குக் கொண்டுபோய்ப் பிரிட்டிஷாரிடம் விற்றார்கள். கையில் காசு, வாயில் தோசை! நாளுக்கு நாள் மதிப்பிழந்த காங்கிரஸின் காகிதப் பணத்தை வாங்க மறுத்தவர்களை என்னால் முழுதாகத் திட்ட முடியவில்லை.

பொறுமையைப் புகழ்வதில் எனக்குள்ள தயக்கம் இதுதான். பனியைத் தாங்குவது சிப்பாயின் கடமை என்றால் ஒப்புக்கொள்வேன். வண்டியும் மாடும் ஏற்பாடு செய்யாதவர்களின் அலட்சியத்தை அவன் எதற்காகத் தாங்கவேண்டும்? அங்கேயும் இரட்டை நியாயம்: அதிகாரி போனால் அது ராஜினாமா, சிப்பாய் போனால் அவன் ஓடுகாலி, பிடிபட்டால் கசையடி.

அவளுக்கு இப்போது வேறு பதில் எழுதி அனுப்பியிருக்கிறேன். பிப்ரவரி வரை இருப்பேன். காங்கிரஸ் அனுப்பிய குழு பாசறைக்கே வந்து நிலைமையைப் பார்த்தது. பிரஷ்யப் படை அதிகாரியாக இருந்த ஸ்டூபன் வந்து பயிற்சி தொடங்கினார். மார்ச்சில் தளபதி நத்தானியேல் கிரீன் தளவாடப் பொறுப்பை ஏற்றார். யாரோ சீர்செய்கிறார்கள் என்று கண்ணுக்குத் தெரிந்தால் இன்னும் இருப்பேன். எதுவும் மாறவில்லை என்றால் மூட்டையைக் கட்டுவேன், வெட்கப்படாமல்.

எல்லோரும் இப்படிக் கிளம்பியிருந்தால் புரட்சி என்னவாகியிருக்கும் என்று அண்ணன் கேட்கிறார். நியாயமான கேள்விதான். 1781 ஜனவரி 1 அன்று மாரிஸ்டவுனில் பென்சில்வேனியப் படைப்பிரிவினர் சம்பளப் பாக்கிக்காகவும், ஒப்பந்தக் காலம் முடிந்தும் விடுவிக்காததற்காகவும் கலகம் செய்து, பாசறையை விட்டே வெளியேறினார்கள். இதுதான் சமயம் என்று பிரிட்டிஷ் தளபதி கிளிண்டன் பணம் தருவதாக ஆள் அனுப்பினார். வந்த இருவரையும் பிடித்துத் தங்கள் தரப்பு அதிகாரிகளிடமே ஒப்படைத்தார்கள் அந்தக் கலகக்காரர்கள். அந்த இரண்டு தூதர்களும் தூக்கில் போடப்பட்டார்கள்.