துய்லரி தோட்டத்தில் யாரும் பாட்டுக் கேட்கவில்லை

பிரெஞ்சு ஓவியர் எத்துவார் மானே (ஓவியர் மோனே இல்லை, அவர் வேறு) பாரிஸின் துய்லரி பூங்காவை வைத்து 1862-இல் வரைந்த ‘துய்லரி தோட்டத்தில் இசை’ ஓவியத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், பாரிஸ் மேட்டுக்குடியின் பகட்டைக் கிண்டல் செய்கிறார் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை.

கூட்டத்தில் இருப்பது யார் யார் என்று பாருங்கள். இடது ஓரத்தில், சட்டத்தை ஒட்டி நிற்பவர் மானேயேதான். கவிஞர் போத்லேர், எழுத்தாளர் கோத்தியே, ஓவியர் ஃபாந்தன்-லத்தூர், தம்பி எழேன் எல்லாரும் உள்ளே இருக்கிறார்கள். கேலி செய்ய நினைக்கிறவர் தன்னையும் தம்பியையும் சிநேகிதர்களையுமா கொண்டுவந்து நிறுத்துவார்?

அப்புறம் அந்தத் தலைப்பு. இசை என்று பெயர், ஆனால் படத்தில் ஒரு வாத்தியம்கூட இல்லை. கண்ணாடியும் மீசையுமாக மரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஓஃபென்பாக் இசையமைப்பாளர்தான். அவரும் கூட்டத்தோடு கூட்டமாக வந்தவர். பேண்டுக்காரர்கள் எங்கே? முன்னால் மஞ்சள் உடையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து நம் பக்கம் பார்க்கிறார்கள். வாசிப்பவர்கள் நாம் நிற்கும் இடத்தில் இருக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். வாசிப்பவன் நிமிர்ந்து பார்த்தால் சபை எப்படித் தெரியுமோ, அதுதான் இந்தப் படம். கேட்பவர் குறைவு, அரட்டை அதிகம்.

1863-இல் பாரிஸின் மார்த்தினே ஓவியக் கூடத்தில் காட்சிக்கு வைத்தபோது பலருக்கும் பிடிக்கவில்லை. அரைகுறை வேலை என்றார்கள். நடுப்பகுதியில் முகங்களே இல்லாமல் தூரிகைத் தீற்றலாக விட்டிருப்பது உண்மைதான். ஆனால் அதே கை, தோட்டத்துக்கு அப்போதுதான் புதிதாக வந்திருந்த இரும்பு நாற்காலிகளின் வளைவுகளை எவ்வளவு நிதானமாக இழுத்திருக்கிறது! மண்ணில் விளையாடும் சிறுமிகளின் முதுகில் கட்டிய பெரிய ரிப்பன் முடிச்சையும் விடவில்லை. நாலடி அகலம்கூட இல்லாத துணியில் இத்தனை பேர். கூட்டத்தில் நம் கண்ணில் தெளிவாகப் படுவது எத்தனை முகம்? மற்றதெல்லாம் கறுப்புத் தொப்பியும் கோட்டும்தானே. மானே தெரிந்தேதான் விட்டிருக்கிறார்.

இன்னொன்று. அப்போதைய பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியனின் அரண்மனை அந்தத் தோட்டத்தை ஒட்டியே இருந்தது. படத்தில் சக்கரவர்த்தியும் இல்லை, அரண்மனையும் இல்லை. அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது கவிஞர்களும் ஓவியர்களும். கிண்டல் எங்கேயாவது இருக்கிறது என்றால், என் கணக்கில் அது அங்கேதான்.