ஜேஇஇ எழுதாவிட்டாலும் பொறியியல் உண்டு
ஜேஇஇ என்ற தேசிய நுழைவுத் தேர்வை எழுதாத பிள்ளைக்கு அண்ணா பல்கலைக்கழகத்தில் பொறியியல் இடம் கிடைக்காது என்று சிலர் சொல்வது தவறு. தமிழ்நாட்டில் அதற்கான நுழைவுத் தேர்வு 2007-லேயே போய்விட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி பொறியியல் கல்லூரி உட்பட, கலந்தாய்வு இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. கணிதம் 100-க்கு அப்படியே, இயற்பியல், வேதியியல் தலா 50-க்கு, மொத்தம் 200. கணிதத்தில் 96, இயற்பியலில் 90, வேதியியலில் 88 வாங்கினால் 96+45+44, கட் ஆஃப், அதாவது தரவரிசைக்கான மதிப்பெண், 185. ஜேஇஇ-யின் முதல் கட்டமான ஜேஇஇ மெயின் கேட்பது திருச்சி என்ஐடி போன்றவை. சென்னை ஐஐடியில் பி.டெக் சேர, பொதுவாக அடுத்த கட்டமான ஜேஇஇ அட்வான்ஸ்டும் தேறவேண்டும். அப்புறம், பி.ஆர்க் எனும் கட்டடக்கலைப் படிப்பு வேறு கதை, அதற்கு நாட்டா மாதிரி தனித் தேர்வு உண்டு. தயவுசெய்து அந்தத் தவறான பேச்சை நம்பிக் கலந்தாய்வுக்குப் பதிவு செய்யாமல் இருந்துவிடாதீர்கள். கோச்சிங்குக்காகக் கடன் வாங்கவும் வேண்டாம்.