ஐந்தாம் படிச் சமன்பாட்டுக்குத் தீர்வு உண்டு

"ஐந்தாம் படிச் சமன்பாட்டுக்குத் தீர்வே கிடையாது, ஏபெல் நிரூபித்துவிட்டார்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. (தெரியாத எண்ணின் மிக உயர்ந்த அடுக்கு 5 என்றால் அது ஐந்தாம் படிச் சமன்பாடு.)

நார்வே நாட்டுக் கணிதவியலாளர் ஏபெல் 1824-இல் காட்டியது வேறு. நான்கு அடிப்படைச் செயல்களையும் வர்க்கமூலம், கனமூலம் போன்ற படிமூலங்களையும் மட்டும் வைத்து, எல்லா ஐந்தாம் படிச் சமன்பாடுகளுக்கும் பொருந்தும் பொதுச் சூத்திரம் எழுத முடியாது. சூத்திரம் இல்லையென்றால் விடையும் இல்லாமல் போய்விடுமா என்ன?

ஓர் எண்ணின் ஐந்தாம் படியிலிருந்து அதே எண்ணையும் 1-ஐயும் கழித்தால் பூச்சியம் வர வேண்டும். சரி, அப்படி ஒரு மெய்யெண் இருக்கிறது: ஏறத்தாழ 1.1673. கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். படிமூலக் குறிகளால் இதை எழுத முடியாது, அவ்வளவுதான். மீதி நான்கு மூலங்களும், அதாவது தீர்வுகளும், மெய்யல்லாத கலப்பெண்கள் (-1-இன் வர்க்கமூலம் சேர்ந்த எண்கள்).

மாறிலி அல்லாத எந்தப் பல்லுறுப்புக்கோவைக்கும், திரும்ப வருபவற்றையும் சேர்த்து எண்ணினால், படி எத்தனையோ அத்தனை கலப்பெண் மூலங்கள் (மெய்யெண்களும் இதில் அடக்கம்) உண்டு என்பதுதான் இயற்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம். ஏபெல் அதை மறுக்கவே இல்லை.