படத்தை ஏற்றினால் பதிப்புரிமை கைமாறுவதில்லை

இன்ஸ்டாகிராமில் ஒரு படத்தை ஏற்றிய நொடியே அதன் பதிப்புரிமை, இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனத்துக்குச் சொந்தமாகிவிடும் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் அதை அப்படியே பகிர்ந்துள்ளனர். அவருடைய கவலை நியாயமானதே, கூற்றுதான் சரியன்று. பதிப்புரிமை உங்களிடமே இருக்கிறது, நிறுவனம் பெறுவது அதைப் பயன்படுத்துவதற்கான உரிமத்தை மட்டுமே. அந்த உரிமம் ஒன்றும் சிறியதல்ல: உலகம் முழுவதற்கும் பொருந்துவது, கட்டணமில்லாதது, பிறருக்கு மாற்றித்தரவும், துணை உரிமம் (அதன் கீழ் பிறரும் பயன்படுத்த அனுமதி) வழங்கவும் இடம் கொடுப்பது. இவ்வளவு தாராளமாக ஏன் எழுதி வாங்குகிறார்கள் என்பது வேறு விவாதம். அதில் நானும் உங்கள் பக்கமே. ஆயினும் அது பிரத்தியேக உரிமம், அதாவது அவர்களுக்கு மட்டுமே உரியது, அல்ல என்பதால், அதே படத்தை நீங்கள் ஒரு பத்திரிகைக்கு விற்பதற்கு அது தடையாகாது.

இதை எவரும் சரிபார்க்கலாம். இன்ஸ்டாகிராமின் பயன்பாட்டு விதிமுறைகளைத் திறந்து, பயனர் வழங்கும் உரிமங்களைப் பற்றிய பகுதியைப் பாருங்கள். உங்கள் உள்ளடக்கத்துக்கு உரிமை கோரவில்லை என்று அவர்களே அங்கு எழுதியிருப்பதையும், அது அவர்களுடைய கணினி அமைப்புகளிலிருந்து நீக்கப்பட்டதும் உரிமம் முடிவுக்கு வரும் என்று குறிப்பிட்டிருப்பதையும் காணலாம்.