பழைய சோற்றின் தலையில் இவ்வளவு சுமை வேண்டாம்

போன வாரம் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஃபார்வர்டு. மண்சட்டி, இரண்டு சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய் உள்ள படம். மேலே கொட்டை எழுத்தில், "மன அழுத்தமா? மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள், பழைய சோறு சாப்பிடுங்கள்". அதற்குக் கீழே சித்தப்பா, "தம்பி, உனக்குத்தான்" என்று எழுதி ஒரு கும்பிடு. அவருக்கு என் மேல் பாசம் அதிகம், அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் அன்றைக்குப் பூராவும் எரிச்சலாகவே இருந்தது.

பழைய சோற்றின் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. வாரத்தில் நான்கு நாள் காலையில் அதைத்தான் சாப்பிடுகிறேன். மனச்சோர்வுக்கான மாத்திரையும் சாப்பிடுகிறேன், இரண்டரை வருடமாக. இரண்டும் ஒரே வயிற்றுக்குள்தான் போகின்றன, இதுவரை சண்டை போட்டுக்கொண்டதில்லை.

அந்த ஃபார்வர்டில் வழக்கமான கணக்கும் இருந்தது. 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்குமாம், ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறினால் அது 73.91 மில்லிகிராம் ஆகிவிடுமாம். புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் போட்டுவிட்டால் நாம் எதையும் நம்புவோம். இரும்பு ஒரு தனிமம். எந்தப் பாக்டீரியாவாலும் அதை உண்டாக்க முடியாது. ஊறிப் புளிப்பது, அரிசியில் ஃபைடிக் அமிலம் என்ற பொருளோடு ஒட்டிக்கிடக்கும் இரும்பைக் கொஞ்சம் விடுவித்து, உடம்பு எடுத்துக்கொள்ளத் தோதாக்கும், அவ்வளவுதான். இல்லாத இரும்பு எங்கிருந்து வரும்? ஊற வைத்தது இரும்புச் சட்டியாக இருந்தால் வேண்டுமானால் பேசலாம்.

அடுத்தது செரட்டோனின், அதாவது மனநிலையோடு சேர்த்துப் பேசப்படும் ஒரு ரசாயனம். "90 சதவீத செரட்டோனின் குடலில்தான் சுரக்கிறது, ஆகவே குடல் நன்றாக இருந்தால் மனம் நன்றாக இருக்கும்." முதல் பாதி ஏறக்குறைய சரி. ஆனால் குடலில் உண்டாகும் செரட்டோனின் குடல் அசைவு போன்ற வேலைகளைத்தான் பார்க்கிறது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது, அதைத் தாண்டி அது மூளைக்குப் போகாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அந்த "ஆகவே" இருக்கிறதே, அங்கேதான் கதை விடுகிறார்கள்.

அப்படியென்றால் புளித்த உணவுக்கும் மனசுக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், அப்படியும் சொல்ல மாட்டேன். அயர்லாந்தின் கார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் ஜான் கிரயன், டெட் டினான் என்று இருவர் பல வருடமாக இதையே ஆராய்ந்தவர்கள். 2011இல் வந்த ஓர் ஆய்வில் எலிகளுக்கு ஒருவகை லாக்டோபேசில்லஸை, அதாவது புளித்த உணவுகளில் காணப்படும் பாக்டீரியா இனத்தைச் சேர்ந்த ஒன்றை, கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் பதற்றம் குறைந்தது. மூளைக்கும் குடலுக்கும் இடையே ஓடும் வேகஸ் நரம்பை வெட்டிவிட்டால் அந்தப் பலன் காணாமல் போனது. பிரமாதமான ஆய்வு. உலகமே பேசியது. பிறகு அதே பாக்டீரியாவை 29 ஆரோக்கியமான ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அதையும் மறைக்காமல் அவர்களே எழுதினார்கள் பாருங்கள், அதனால்தான் எனக்கு அவர்கள் மேல் மரியாதை. நம் குழுக்களில் எலி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது, அந்த 29 பேரைக் காணோம்.

2022இல் அதே கார்க் குழுவினர் 45 பேரை வைத்து நான்கு வாரம் உணவையே மாற்றிப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு முழுத்தானியம், பருப்பு, வெங்காயம் போன்ற காய்கள், தினமும் புளித்த உணவு. இன்னொரு பிரிவுக்குப் பொதுவான ஆரோக்கிய உணவு ஆலோசனை. முதல் பிரிவினர் தாங்கள் உணரும் மன அழுத்தம் 32 சதவீதம் குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் ஆலோசனை மட்டும் கேட்டவர்களுக்கும் 17 சதவீதம் குறைந்திருக்கிறது. இரண்டு பிரிவையும் நேருக்கு நேர் ஒப்பிட்டால், வித்தியாசம் உறுதியானது என்று சொல்ல முடியவில்லை. எனக்கு அந்த 17தான் பிடித்திருக்கிறது. "என்ன சாப்பிட்டீங்க?" என்று அக்கறையாக ஒருவர் கேட்டாலே பாதிப் பாரம் இறங்குகிறது போல. இது என் ஊகம், ஆய்வில் இல்லை.

இன்னொரு கதை, இதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. 1950களில் காசநோய்க்கு ஐப்ரோனியாசிட் என்று ஒரு மருந்து கொடுத்தார்கள். நோயாளிகள் வழக்கத்துக்கு மாறாக உற்சாகமாகிவிட்டார்கள். அதிலிருந்துதான் மனச்சோர்வுக்கான முதல் மருந்து வகை ஒன்று பிறந்தது. சில வருடம் கழித்துப் பார்த்தால், அவ்வகை மருந்து எடுத்தவர்கள் முற்றிய பாலாடைக்கட்டி சாப்பிட்டதும் மண்டை வெடிக்கிற தலைவலி, தாறுமாறாக ஏறும் ரத்த அழுத்தம். காரணம் டைரமின் என்ற ஒரு பொருள். நாள்பட்டும் புளித்தும் வரும் பல உணவுகளில் அது உண்டாகும். சோயா சாஸ், கிம்ச்சி, புளித்த முட்டைக்கோஸ் என்று தாவர உணவுகளும் அந்தப் பட்டியலில் உண்டு. இன்று அந்த வகை மருந்தை அபூர்வமாகத்தான் எழுதுகிறார்கள், நான் எடுப்பதும் அது இல்லை. பழைய சோறு சாப்பிடலாமா என்று என் மருத்துவரிடம் கேட்டேன், சிரித்துவிட்டு "தாராளமா" என்றார். ஆனால் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட்டேன். "இயற்கை உணவுதானே, என்ன செய்துவிடும்?" என்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

சரி, அப்புறம் ஏன் வாரத்தில் நான்கு நாள் அதையே சாப்பிடுகிறாய் என்று கேட்பீர்கள்.

நான் ரொம்ப மோசமாக இருந்த மாதங்களில் அம்மா ஊரிலிருந்து வந்து தங்கினார். அப்போது காலையில் எழுந்து அடுப்பைப் பற்றவைப்பது என்பது எனக்கு மலை ஏறுகிற மாதிரி. பல நாள் மதியம் மூன்று மணிக்குத்தான் முதல் வாய் உள்ளே போகும். அம்மா அறிவுரை எதுவும் சொல்லவில்லை. ராத்திரி மிச்சச் சோறு ஆறியதும் சட்டியில் போட்டு, மூழ்கும்படி தண்ணீர் ஊற்றி, தட்டால் மூடிவிட்டுப் படுத்துக்கொள்வார். காலையில் கை விட்டுப் பிசைவார். அந்தச் சத்தம் எனக்குப் படுக்கை வரை கேட்கும். கல் உப்பு, நசுக்கிய சின்ன வெங்காயம், ஒரு டம்ளரில் நீச்சத்தண்ணி தனியாக. "எந்திரிப்பா, வெயில் ஏறுனா புளிச்சுப் போயிரும்." அதற்காகவே எழுந்தேன். மருத்துவர் சொல்லி எழாதவன், சோறு வீணாகிவிடுமே என்று எழுந்தேன்.

அம்மா ஊருக்குப் போனதும் நானே தண்ணீர் ஊற்றி வைக்கப் பழகினேன். அடுப்பு வேண்டாம், காலையில் யோசிக்க வேண்டாம், நேற்றைய நான் இன்றைய எனக்குச் சமைத்து வைத்துவிட்டேன். என் விஷயத்தில் பலன் அதிலிருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன். பாக்டீரியாவுக்கும் பங்கு இருக்கலாம். இட்லி மாவைப் பொங்க வைக்கிற பாக்டீரியா ஆவியில் வெந்து செத்துவிடுகிறது, பழைய சோற்றில் இருப்பவை உயிரோடு உள்ளே போகின்றன. கூழும் அப்படித்தான், காய்ச்சிய பிறகு ஒரு ராத்திரி திரும்பப் புளிக்க விட்டால். ஃப்ரிட்ஜில் வைத்த சோற்றில் காலையில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பழைய சோறு என்பவர்களை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது. அது வெறும் குளிர்ந்த சோறு.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவே கூப்பிட்டார்.

"படிச்சியா தம்பி?"

"படிச்சேன் சித்தப்பா. நீங்க சுகர் மாத்திரையை நிறுத்திட்டீங்களா?"

"அது வேற விஷயம்டா."

"எப்படி வேற?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "சித்தி மோர்மிளகாய் போட்டிருக்கா, பஸ்ல குடுத்து விடவா?" என்றார். குடுத்து விடுங்க என்றேன். நேற்று வந்து சேர்ந்தது. காரம் கொஞ்சம் தூக்கல்.